இந்தப் புறாவை யாரு கேட்டா?

சுவரோவியம், தெரு நாடகம், தையல் பட்டறை என்று, சண்டை நடந்து ஓய்ந்த இடங்களில் மக்களோடு கலை வேலை செய்வது என் தொழில். ஆரம்ப காலத்தில் செய்த ஒரு சுவர் இன்னும் நினைவில் உறுத்துகிறது. முட்டிக்கொண்டிருந்த இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே நீளமான சுவர். பத்து நாள் பாடுபட்டு நீல வானமும் வெள்ளைப் புறாக்களுமாக வரைந்தோம். படம் எடுத்தோம், கைகுலுக்கினோம், கிளம்பிவிட்டோம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் புறாக்கள் மேல் தார். யார் பூசியது என்று விசாரிக்கப் போன இடத்தில், வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "அது கிடக்கட்டும். இந்தப் புறாவை யாரு கேட்டா?" என்றார்.

கோபம் வந்தது, பொய் சொல்வானேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பத்து நாளில் அவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டோம், ஏணி சாத்த இடம் கேட்டோம். என்ன வரையலாம் என்று மட்டும் கேட்கவே இல்லை.

இதே அடியை எங்களைவிடப் பெரிய ஆள் ஒருவரும் வாங்கியிருக்கிறார். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால். 1960-களின் தொடக்கத்தில் தன் குழுவோடு வடகிழக்குப் பிரேசிலின் விவசாயிகளிடம் போனார். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று மேடையில் துப்பாக்கிகளைத் தூக்கிப் பாடினார்கள். முடிந்ததும் ஒரு விவசாயி வந்து, வாருங்கள், இப்போதே போய் எங்கள் நிலத்தைப் பிடுங்கியவனை ஒரு கை பார்ப்போம் என்றாராம். எங்கள் துப்பாக்கி வெறும் நாடகச் சாமான் என்று குழு நெளிந்தது. பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள், சண்டைக்கு வரமாட்டோம் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது: சிந்தச் சொன்னது எங்கள் ரத்தத்தைத்தானா?

தான் ஏற்காத ஆபத்தை அடுத்தவருக்கு உபதேசிக்கும் நாடகத்தை போவால் அதோடு விட்டார். 1973-ல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது விவாத அரங்கு என்ற வடிவம் கிடைத்தது. ஒரு சின்ன நாடகம். பிரச்சினை தீராமல் மோசமாக முடியும். அதையே மறுபடி நடிப்பார்கள். இந்த முறை பார்ப்பவர் யாரானாலும் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு மேடையேறி, பாதிக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தில் நின்று தன் வழியை முயன்று பார்க்கலாம். பின்னாளில் அவர் ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினரானபோது, இப்படி மேடையில் கிடைத்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாலை கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் குடியிருப்போடு நடக்கும் பேச்சுவார்த்தைதான் காட்சி. முன்வரிசையில் கத்திக்கொண்டே இருந்த ஒருவர், "தள்ளுங்க, நான் நாலு வார்த்தை கேக்கறேன்" என்று ஏறினார். எதிரே நின்ற நடிகர் அசரவில்லை. அவர் ஒன்று கேட்டால் இவர் இரண்டு கேட்டார். மூன்றாவது வாக்கியத்தில் மனிதருக்கு வாய் அடைத்துவிட்டது. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். இன்னொருவர் ஏறினார், அவரும் தோற்றார். ஆறேழு பேருக்குப் பிறகு ஒரு பெண் போய், எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்க" என்றார். எதிரிலிருந்த நடிகருக்கு என்ன வசனம் சொல்வதென்றே தெரியவில்லை. வெளியே அதே தவறைச் செய்தால் மண்டை உடையும். மேடையில் ஆறு முறை தோற்றாலும் வீட்டுக்கு முழுசாகப் போகலாம்.

பேச முடியாத இடத்தில் கை பேசும். 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் சிலியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியில் கிழிசல்களை ஒட்டுத் தைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டைத் துணியையே வெட்டித் தைத்தார்கள். அந்தத் துணிகள் வெளிநாடுகளுக்குப் போய், நாட்டுக்குள்ளே வாய் திறந்து சொல்ல முடியாத சேதியைச் சொல்லின.

கொலம்பியாவில் 2016 சமாதான ஒப்பந்தத்தின்படி கெரில்லாக்கள் ஒப்படைத்த ஆயுதங்களில் 37 டன்னை உருக்கித் தரை ஓடுகளாக வார்த்தார் அந்நாட்டுச் சிற்பி டோரிஸ் சல்செடோ. 2018-ல் தலைநகர் பொகோதாவில் அந்தத் தரையைத் திறந்தார்கள். கலைஞர் தானே அச்சை வடித்திருக்கலாம். ஆனால் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் கையில் சுத்தியலைக் கொடுத்தார். அவர்கள் உலோகத் தகட்டை அடித்து நெளித்த தழும்புகள்தான் அந்தத் தரையின் மேடு பள்ளங்கள். வருகிறவர்கள் துப்பாக்கிகளின் மேல் நடக்கிறார்கள். வானுயர நிற்கும் நினைவுச் சின்னங்களைவிட எனக்கு இந்தத் தரை பிடிக்கும்.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துயரப்பட்டவர் கதையைக் கேட்டு வாங்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள், பாதியில் நிறுத்தினால் விட்டுவிடுங்கள். நன்கொடை கொடுத்தவர் அறிக்கைக்கு அழுகிற முகம் கேட்பார், கொடுக்காதீர்கள். மேடையில் அதிகாரத்தை எதிர்த்துப் பேசிய பையன் நாளைக் காலையும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். நாம் வண்டியேறிப் போய்விடுவோம். அவன் முகம் காணொளியில் வரலாமா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும், அதுவும் கைதட்டல் ஓய்ந்த பிறகு.

அந்தச் சுவருக்குத் திரும்பிப் போனோம். இந்த முறை வண்ணம் கொண்டுபோகவில்லை, சாக்கட்டி மட்டும். முதல் வாரம் கெட்ட வார்த்தைகளும் ஒரு கோல் போஸ்ட்டும் வந்தன. மூன்றாவது வாரம் பாட்டி கூப்பிட்டார். அவருக்கு ஓவியமே வேண்டாம், நிழலில் உட்கார ஒரு சிமெண்ட் மேடை வேண்டும். சுவரின் இரண்டு பக்கமும் கட்டினோம். பதிக்க, இரு பக்கத்து வீடுகளிலிருந்தும் உடைந்த தட்டு, கோப்பை, ஓட்டுத் துண்டுகள் வந்தன. எது எந்தப் பக்கத்துத் துண்டு என்று கலந்த பிறகு தெரியவில்லை. தாரைச் சுரண்டட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். விட்டுவிட்டோம்.