சொல் விளக்கம்: நிலமரபு வட்டாரம்

பொதிகை மலையைப் பற்றி எழுதினாலும் சரி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி என்ற செம்மணல் மேட்டைப் பற்றி எழுதினாலும் சரி, கட்டுரை முடிகிற இடத்தில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: “இங்கே ஒரு புவியியல் பூங்கா அமைக்க வேண்டும்.” நோக்கம் நல்லதுதான். சொல்தான் கெட்டுக் கிடக்கிறது. அதன் முன்பாதி வேறொரு படிப்பைச் சுட்டுகிறது, பின்பாதி வேறொரு இடத்தைச் சுட்டுகிறது. அதற்குப் பதில் ‘நிலமரபு வட்டாரம்’ என்று சொல்லலாம் என்பதே இங்கே வாதம்.

மூலச்சொல் ஜியோபார்க்: அரிய பாறைகளும் நிலவடிவங்களும் உள்ள ஒரு பகுதியை அங்கே வாழ்கிற மக்களோடு சேர்த்துப் பேணும் திட்டம். ‘ஜியோ’ கிரேக்க மொழியில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘பார்க்’ பழைய பிரெஞ்சுச் சொல், வேட்டைக்காக வளைத்து அடைத்த காடு என்று பொருள். 2000இல் பிரான்ஸ், ஜெர்மனி, கிரீஸ், ஸ்பெயின் நாடுகளைச் சேர்ந்த நான்கு பகுதிகள் கைகோத்து ஐரோப்பிய அளவில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. 2004இல் அது உலக அளவுக்கு விரிந்தது. 2015 நவம்பரில் யுனெஸ்கோ தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. இன்று உலகில் 200க்கு மேல் இருக்கின்றன, இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

பெயரில் ‘அடைத்த காடு’ இருந்தாலும் திட்டத்தில் அடைப்பே கிடையாது. தொடர்ச்சியான ஒரே எல்லைக்குள் உலக மதிப்புள்ள பாறைகளோ புதைபடிவங்களோ நிலவடிவங்களோ இருக்க வேண்டும். அதே எல்லைக்குள் ஊர்களும் வயல்களும் சந்தைகளும் இருக்கும், இருந்தாக வேண்டும். நடத்துவதற்குச் சட்ட அங்கீகாரமுள்ள ஓர் அமைப்பு, அதில் நிலவியல் படித்தவர்கள், ஒரு மேலாண்மைத் திட்டம், தனி நிதி எல்லாம் தேவை. விண்ணப்பிக்கும் முன்பே குறைந்தது ஓராண்டு அது நடைமுறையில் இயங்கியிருக்க வேண்டும். பட்டம் கிடைத்தாலும் நிரந்தரமில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு உண்டு: பச்சை அட்டை என்றால் இன்னும் நான்கு ஆண்டு, மஞ்சள் என்றால் குறைகளைச் சரிசெய்ய இரண்டு ஆண்டு, சிவப்பு என்றால் பட்டம் பறிபோகும். யுனெஸ்கோ பட்டமே பாறையைக் காத்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். காக்காது. முக்கியமான இடங்களுக்கு உள்நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பை முதலில் வாங்கிவிட்டுத்தான் விண்ணப்பமே போட முடியும்.

இப்போது ‘புவியியல்’ என்ற முன்பாதிக்கு வருவோம். நம் பள்ளிப் பாடத்தில் முன்பு பூகோளம் என்று இருந்தது இப்போது புவியியல். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல் வரைபடமும் பருவமழையும் பயிரும்தான். பாறையின் வரலாற்றைப் படிப்பது நிலவியல். ஆனால் அரசிலேயே ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்று பெயர் எழுதினார்கள், ஒரே சொல் இரண்டு படிப்புக்கும் உழைக்கத் தொடங்கியது. இலங்கைத் தமிழர் இதில் கவனமாக இருந்தார்கள்: அங்கே புவியியல் ஒன்று, புவிச்சரிதவியல் வேறு. சரிதம் வடசொல் என்றாலும் பொருள் தெளிவு. குழப்புகிற சொல்லைவிட, தெளிவான வடசொல்லே மேல்.

பூங்கா அருமையான சொல். பூ + கா. கா என்றால் சோலை. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என்று ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழ்கிறது. ஆனால் இன்றைய காதில் அது மூன்று விதமாகத்தான் விழுகிறது. ஒன்று, சறுக்கும் ஊஞ்சலும் உள்ள சிறுவர் பூங்கா. இரண்டு, வண்டலூர் உயிரியல் பூங்கா. அதே அச்சில் ‘புவியியல் பூங்கா’ என்றால், கம்பிக்குப் பின்னால் கல்லை அடுக்கிவைத்த இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்று, தேசியப் பூங்கா. வனவுயிர்ச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்க்கக் கூடாது. பாபநாசத்திலோ களக்காட்டிலோ ஆடு வைத்திருப்பவரிடம் “உங்கள் ஊர் பூங்காவுக்குள் வருகிறது” என்று சொன்னால் அவர் பயப்படுவது நியாயம். இந்தத் திட்டம் ஊர்மக்கள் முன்னின்று கேட்டால்தான் நடக்கும். அவர்களை முதல் வார்த்தையிலேயே விரட்டுகிற பெயர் எதற்கு?

“தொழிற்பூங்கா என்று சொல்கிறோமே, கங்கைகொண்டானில் என்ன பூவா பூக்கிறது? பழகினால் பொருள் வந்துவிடும்” என்பது எதிர்வாதம். பழகிவிடும், உண்மை. ஆனால் தொழிற்பூங்கா நிலத்தை எடுத்து, வேலி போட்டு, வாசலில் காவலாளி வைக்கிற இடம். அடைப்பு என்ற பழம்பொருள் அதற்குப் பொருந்துகிறது. நாம் பேசுவது நிலத்தை எடுக்காத, வேலி போடாத ஒன்று. பழக்கம் பொருளைச் சேர்த்துத் தரலாம், தலைகீழாகப் புரட்டித் தராது.

‘புவிப்பூங்கா’ என்று சுருக்கினால் முதல் குழப்பம் தீரும், இரண்டாவது அப்படியே நிற்கும். ‘நிலவியல் பூங்கா’வுக்கும் அதே கதி. ‘ஜியோ பார்க்’ என்று அப்படியே எழுதுவது கையை விரிப்பது. ஜியோ என்றால் இன்று எந்த ஊரிலும் கைப்பேசி இணைப்புதான்.

நிலமரபு வட்டாரம் என்பதே சரியான சொல். நம் இலக்கணத்தில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பாறையைப் படிப்பதும் அந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான். மரபு, முன்னோரிடமிருந்து வந்து பின்னோருக்குப் போவது. வட்டாரம், ஆட்கள் குடியிருக்கிற பகுதி. வட்டார வழக்கு என்று சொல்லும்போது அந்த ஆட்களின் பேச்சும் கூடவே வருகிறது. நிலமரபு என்பதைப் பரம்பரைச் சொத்து என்று எடுத்துக்கொள்வார்களே என்றால், அதற்குப் பூர்வீக நிலம் என்ற சொல் ஏற்கெனவே பத்திரம் வரைக்கும் இருக்கிறது. ‘நாடு’ என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் முன்பு இருந்தது. கல்வெட்டில் திருநெல்வேலி கீழ்வேம்பநாட்டில் இருக்கிறது, சேரன்மகாதேவி முள்ளிநாட்டில். இன்று நாடு என்றால் இந்தியா. அதனால் வட்டாரம்.

தேரியை வைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். சாத்தான்குளம், குதிரைமொழி, காயாமொழிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளுக்கு நிறம் தருவது ஒவ்வொரு மணல்மணியையும் சுற்றிய இரும்பு ஆக்சைடு படலம். சாயர்புரம் போன்ற தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை, அதாவது பழங்கால மனிதரின் சிறு கல்கருவிகளைப் பற்றி 1956இல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் எழுதினார்கள். மணல் நகர்ந்தால் கருவி இருந்த அடுக்கு கலையும். அடுக்கு கலைந்த கருவி வெறும் கல்துண்டு. ஆகவே முதல் வேலை அடுக்குகளை அளந்து வரைபடமாக்குவது. அடுத்தது, நடைபாதையைக் கருவி கிடைக்கும் இடத்திலிருந்து விலக்குவது. மணல் எடுப்பதைத் தடுக்கச் சட்டக் காப்பு வாங்குவது அதோடு சேர்ந்தது. இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள் உள்ள மணல் இது, விலை உண்டு.

விற்பனைக்கு யுனெஸ்கோவின் விதி கண்டிப்பானது. நிர்வாக அமைப்பு புதைபடிவத்தையோ கனிமத்தையோ மெருகேற்றிய கல்லையோ விற்பதில் நேரடியாக ஈடுபடக் கூடாது. கருப்பட்டி விற்கலாம். தேரியோரப் பனையிலிருந்து வருகிற உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்கிற பத்தமடைப் பாய்க்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. மண், அதில் வளர்கிற பனை, பனையேறுகிறவரின் கூலி மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுவதுதான் இந்தத் திட்டம். பூங்கா என்ற சொல்லில் பனையேறிக்கு எங்கே இடம்?

‘சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்’ என்பதற்கு இதே கட்டுரைகளில் வருகிற ‘நிலையான வளர்ச்சி’யையும் சொல்லியாக வேண்டும். நிலையானது அசையாதது, அசையாத வளர்ச்சி எப்படி வளரும்? போதாதென்று ‘நீடித்த நிலையான வளர்ச்சி’ என்று இரண்டு அடைமொழி. கடைத்தெருவில் இதற்கு நல்ல வழக்கு இருக்கிறது: முதலுக்கு மோசமில்லாமல் பிழைப்பது. பனையை வெட்டாமல் பதநீர் இறக்குவது அதுதான். சுருக்கமாக வேண்டுமென்றால் ‘நீடிக்கும் வளர்ச்சி’ போதும். காப்பதைக் குறிக்கவும் ‘பாதுகாப்பு’ எதற்கு? அது காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் போய்விட்ட சொல். ‘பேணல்’ என்று எழுதலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஊருக்குள் காது கொடுத்தால் பாதி வேலை முடியும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் தொல்மரத்துக்குக் கல்மரம் என்று பெயர். அதைவிடச் சிறந்த கலைச்சொல்லை எந்தக் குழுவும் ஆக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையில் மொட்டைப் பாறைக்குன்று பொத்தை, செம்மண் நிலம் செவல், ஆற்றின் ஆழமான மடு கசம். மேலச்செவல், தேரிக்குடியிருப்பு என்று ஊர்ப்பெயரே நிலத்தின் வகையைச் சொல்கிறது. ஆகவே குதிரைமொழியில் ஒருநாள் பலகை வைத்தால் ‘சிவப்பு மணற்குன்றுகள், புவியியல் பூங்கா’ என்று எழுத வேண்டாம். மேலே ‘தேரி’ என்று பெரிதாக, கீழே ‘நிலமரபு வட்டாரம்’, அதற்கும் கீழே ‘மணலை அள்ளாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள்’ என்று எழுதினால் போதும்.