தாய்வீட்டிலிருந்து கிளம்பும் முன்னால்

கொங்குப் பக்கம் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோதான் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்புவார்கள். அதுவரை கருத்தடைப் பேச்சு எழாது. "அவரு இங்க இல்லீங்களே" என்பார்கள். திரும்பிய பிறகு கேட்டால், "பால் குடுக்கறனுங்க, இன்னும் தூரமே வரலீங்க, தங்காதுங்க." இடுப்பில் கைக்குழந்தை, வயிற்றில் நாலு மாசம் என்று வந்து நிற்பவர்களில் பலர் இதை நம்பியவர்கள்தான்.

தாய்ப்பால் கருத்தரிப்பைத் தள்ளிப்போடும், பொய்யில்லை. ஆனால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும் இரவில் 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் காலையில் போய் இரவு திரும்பும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு முதல் நாளே உடைந்துவிடும். பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போவது குழந்தைக்கு நல்லது. கருத்தடைக்கு அது குழந்தை சப்பிக் குடிப்பதற்கு ஈடாகாது. புட்டிப்பால் தொடங்கினால் காவல் தளர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம் என்பதால் தூரத்துக்காகக் காத்திருப்பதிலும் பயனில்லை.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட நல்ல நேரம் பிரசவ அறையே. நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் போடலாம். சிசேரியன் என்றால் தையலுக்கு முன்பே வைத்துவிடலாம். தவறினால் 6 வாரம் பொறுக்க வேண்டும். 380ஏ வகை 10 ஆண்டு தாங்கும். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சம்மதத்தைக் கர்ப்பகால மாதாந்திரப் பரிசோதனையிலேயே கேட்டுக் கார்டில் எழுதிவிட வேண்டும். வலியில் துடிப்பவளிடம் கேட்டு வாங்குவது சம்மதமே அல்ல. காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ இருந்தால் அப்போது போடுவதில்லை. பிரசவத்தோடு போட்டது நழுவி வெளியே வரும் வாய்ப்பு சற்று அதிகம். 6 வாரத்தில் பார்த்துக்கொள்வது அதற்காகத்தான். முதல் சில மாதம் மாதவிலக்கில் ரத்தப்போக்கும் வலியும் கூடும், ரத்தசோகை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

பால் கொடுப்பவர்களுக்கு மாலா-என் கருத்தடை மாத்திரை முதல் 6 மாதம் வேண்டாம், அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் பாலைக் குறைக்கலாம். அந்தரா கருத்தடை ஊசி 6 வாரத்துக்குப் பிறகு, 3 மாதத்துக்கு ஒன்று. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பிரசவமான உடனே தொடங்கலாம். முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஞாயிறு லீவு நாள் என்பதால் ஞாயிறும் புதனும் வைத்துக்கொண்டால் நினைவிருக்கும். மறந்தால் நினைவு வந்ததும் போட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் சேர்க்க வேண்டும். 7 நாளுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து, வாரம் இரண்டு.