ஆரிகனில் வீட்டு மனுவும் பூங்காக் கூடாரமும்: நகர மன்றத்தால் என்ன முடியும்?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நகர மன்றங்கள் அடிக்கடி மல்லுக்கட்டுவது இரண்டு விஷயங்களோடு. ஒன்று, புதுக் குடியிருப்புக்கு அனுமதி. இன்னொன்று, வீடில்லாதவர்கள் பூங்காவிலும் நடைபாதையிலும் இரவு தங்குவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது வீட்டுத் தட்டுப்பாடுதான். ஆனால் மன்றத்தின் அதிகாரம் இரண்டிலும் ஒன்றல்ல. இது தெரியாமல் மன்றக் கூட்டத்தில் பேசப் போகிறவர்களின் நியாயமான கவலைகூட வீணாகிவிடுகிறது.

குடியிருப்பு மனு என்றால், எழுதிவைத்த விதிக்கு அது பொருந்துகிறதா என்பதே கேள்வி. கட்டடத்தின் உயரம், எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி என்று அளந்து பார்க்கக்கூடிய தெளிவான விதிகளின்படிதான் வீட்டுத் திட்டத்தை எடைபோட வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். 'வாடகைக்கு ஆட்கள் வந்தால் தெருவே மாறிவிடும்' என்று ஐம்பது பேர் எழுந்து சொன்னாலும் அது காரணமாகாது. 'வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளி விதியைவிடக் குறைவு' என்று ஒரே ஒருவர் காட்டினால் போதும், மன்றம் அதைப் பார்த்தே ஆகவேண்டும். தனி வீட்டுக்கு மட்டுமே அனுமதி என்ற பழைய ஏற்பாட்டையும் 2019-ல் வந்த சட்டம் உடைத்தது. 25,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் குடியிருப்புப் பகுதிகளில் நான்கு வீடுகள் கொண்ட கட்டடம் வரை இடம் கொடுக்க வேண்டும்.

மனு முழுமையானதிலிருந்து பொதுவாக 120 நாளுக்குள் நகரம் இறுதி முடிவு சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மாநில நிலப் பயன்பாட்டு மேல்முறையீட்டு வாரியத்துக்கு 21 நாளுக்குள் போகலாம். ஆனால் நகர விசாரணையில் எழுப்பாத ஆட்சேபத்தை அங்கே புதிதாக எழுப்ப முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கூடாரம். இதே மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம், பொது இடத்தில் போர்வை விரித்துத் தங்கினால் 295 டாலர் அபராதம் போட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படித் தண்டிப்பது அரசமைப்புச் சட்டம் தடுக்கும் 'கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை' ஆகாது என்று 2024 ஜூன் 28 அன்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அப்புறம் பலரும் 'இனி நகரங்கள் இஷ்டப்படி துரத்தலாம்' என்று நினைத்துவிட்டார்கள். ஆரிகனில் அப்படி இல்லை. 2021-ல் மாநிலம் தனியே ஒரு சட்டம் போட்டிருக்கிறது. எந்த நேரத்தில், எங்கே, எப்படித் தங்கலாம் என்று நகரம் விதி போடலாம். ஆனால் அந்த விதி, வீடில்லாதவர்மீது அது இறக்கும் சுமையையும் சேர்த்துப் பார்க்கையில் நியாயமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். இழப்பீட்டுப் பணம் கிடைக்காது. விதிக்குத் தடை கேட்கலாம்.

வீட்டு மனுவில் போல எழுதிவைத்த விதியைப் பொருத்திப் பார்ப்பதோடு நிற்காமல், இங்கே மன்றம் கொள்கை வகுக்கிறது. ஆகவே கழிப்பறை எங்கே, பகலில் மூட்டை முடிச்சை எங்கே வைப்பார்கள், இரவில் எந்த இடத்துக்கு அனுப்புவீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். போக இடம் காட்டாமல் எழுப்பிவிடுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

நிலைத்துவிட்ட முகாமை அகற்றவும் முறை உண்டு. பொதுவாக 72 மணி நேரத்துக்கு முன்பே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. விட்டுப்போன உடைமைகளைக் குறைந்தது 30 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடையாள அட்டை, மருந்து, குடும்பப் படம் எல்லாம் அந்த மூட்டைகளில்தான் இருக்கும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நகர அலுவலகத்தில் கேட்டு, அந்தக் கெடுவுக்குள் போய் வாங்கிக்கொள்ளலாம்.