சப்சிடி: எல்லாமே மானியம்தானா?

சப்சிடிக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் மானியம் என்று சொல்லிவிடுவோம். சரிதான், ஆனால் எல்லா இடத்திலும் சரியில்லை.

லத்தீனில் 'சப்சிடியம்' என்றால் போர்க்களத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் படை, முன்னால் இருப்பவர்கள் தளர்ந்தால் எழுந்து வரவேண்டியவர்கள். அதிலிருந்து 'உதவி' என்ற பொருள் வந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது, வேடிக்கை, அது அரசர் செலவுக்காக நாடாளுமன்றம் ஒப்புக்கொடுத்த வரியைக் குறித்தது. அரசு மக்களுக்குத் தருவது என்று ஆனது பிற்பாடு.

மானியம் வடமொழி 'மான்ய', அதாவது மதிக்கத்தக்கது. இங்கே அது முதலில் பணமே இல்லை, நிலம். கோயில் ஊழியமோ ஊர் ஊழியமோ செய்தவருக்கு வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ விட்ட நிலம்தான் மானியம். சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நெருக்கமான தமிழ்ச் சொல் இறையிலி (இறை என்றால் வரி). மணியக்காரரின் 'மணியம்' வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம். இந்த நில மானியங்களை 1963 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துக்கட்டியது, சொல் மட்டும் பிழைத்து, ஒரு பொருளின் விலையில் அரசு ஏற்கும் பங்கைக் குறிக்க வந்துவிட்டது. "சொட்டுநீர் மானியத்துல போட்டது" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை, சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய அயோவா மாநிலத்தில் 99 கவுண்டிகள், அதனால் கவுண்டியை மாவட்டம் என்றால் கொஞ்சம் பெரிதாகத் தோன்றும், ஆனாலும் வேறு நல்ல சொல் இல்லை. அங்கே ஒரு கவுண்டியின் விவசாயிகளுக்கு வரும் பணம் முழுவதையும் நம் செய்திகள் மானியம் என்றே எழுதிவிடுகின்றன, அங்கேதான் சிக்கல்.

பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் பாதிக்கு மேல் அங்கே அரசு கட்டுகிறது. இது அசல் மானியம். ஆனால் 2014 இல் வந்த ஒரு திட்டத்தைப் பாருங்கள்: கவுண்டியின் சராசரி விளைச்சலை அந்த ஆண்டின் தேசிய விலையால் பெருக்கி, அது முந்தைய ஆண்டுகளின் சராசரி வருவாயில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் தருகிறார்கள் (2025 இல் வந்த சட்டம் இதை 90 ஆக்கியது). உங்கள் வயலில் என்ன விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை! கவுண்டி எல்லை ஒரு சாலை என்றால், இந்தப் பக்க மக்காச்சோளக்காரருக்குப் பணம் வரும், அந்தப் பக்கத்துக்காரருக்கு ஒன்றும் வராது, மழை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பெய்திருந்தாலும். அதைவிட ஒன்று, பழைய பதிவேட்டில் மக்காச்சோள ஏக்கர் என்று இருந்தால் போதும், இந்த வருடம் அதில் சோயா விதைத்திருந்தாலும் மக்காச்சோளக் கணக்கில்தான் பணம். விலையில் பங்கு ஏற்பதாக இதைச் சொல்ல முடியாது, வருவாய் குறைந்ததற்கு ஈடு கட்டுவது, ஆக 'வருவாய் ஈட்டுத்தொகை' என்றால் பொருந்தும்.

அப்புறம், 1985 முதல் இன்னொன்று இருக்கிறது, மண் அரிக்கும் நிலத்தில் பயிர் செய்யாமல் புல்லோ மரமோ வளர்க்க 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுதோறும் பணம். அங்கே அதை வாடகை என்றே சொல்கிறார்கள், நாமும் 'நில வாடகை' என்றே எழுதலாம்.

நல்கை என்ற அழகான சொல்லை சப்சிடிக்கு இழுப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருப்பிக் கேட்காமல் மொத்தமாகக் கொடுக்கும் ஆய்வு நிதி போன்றவற்றுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும். விளைச்சலுக்கோ கொள்முதலுக்கோ விலைக்கு மேல் கூட்டிக் கொடுப்பதற்கு 'ஊக்கத்தொகை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, நெல் கொள்முதலில் தினமும் கேட்கிற சொல்தான்.