ஆட்சி மாற்றமா, ஆட்சிக் கவிழ்ப்பா?

காலையில் பசியாறப் போன மாமாக் கடையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்ச் செய்தி. கியூபாவில் ஆட்சி மாற்றத்தை ஏற்படுத்துவதில் அமெரிக்கா முனைப்புக் காட்டி வருகிறதாம். எதிரில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "அங்கயும் எலெக்சன் வருதா தம்பி?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பினாங்கில் எந்தத் தமிழரிடம் போய் ‘ஆட்சி மாற்றம்’ என்றாலும் அவருக்கு ஓட்டுப் பெட்டிதான் ஞாபகம் வரும். 1969 முதல் முதலமைச்சர் நாற்காலியை வைத்திருந்த கெராக்கான் கட்சி 2008 மார்ச்சில் அதை இழந்த இரவு, அப்புறம் 1957 முதல் மலேசியாவை ஆண்ட கூட்டணி 2018 மே 9இல் தோற்ற இரவு. இந்த இரண்டு இரவுகளிலும் நாம் வாய் நிறையச் சொன்ன சொல் அது. 2020இல் தேர்தலே இல்லாமல் அரசாங்கம் மாறியபோது அதே ஜனங்கள் அந்தச் சொல்லைத் தொடவில்லை, ‘கொல்லைப்புற அரசாங்கம்’ என்றார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இல்லாத பகுத்தறிவு மாமாக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ரெஜிம் சேஞ்ச்’. ரெஜிம் பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல், வேர் ‘ரெகெரே’, நேராக நடத்து, ஆள் என்று பொருள். பிரெஞ்சில் பத்தியச் சாப்பாட்டுக்கும் ரெஜிம்தான், வாழைத்தாருக்கும் அதே எழுத்துகளில் ஒரு சொல் உண்டு. அமெரிக்கப் பழ நிறுவனத்தின் நிலத்தில் கைவைத்த குவாத்தமாலா அரசு 1954இல் கவிழ்க்கப்பட்ட கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் அது தற்செயல்.

அரசியல் அறிவியலில் ரெஜிம் என்றால் ஆட்சிமுறை. 1975இல் பிராங்கோ இறந்த பிறகு ஸ்பெயின் சர்வாதிகாரத்திலிருந்து மக்களாட்சிக்கு நகர்ந்ததே, அதையும் ரெஜிம் சேஞ்ச் என்பார்கள். அந்த இடத்தில் ‘ஆட்சிமுறை மாற்றம்’ சரியான தமிழ், எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வாஷிங்டன் வாயில் அந்தச் சொல் வேறு பொருள் கொண்டது. 1998 அக்டோபரில் கிளிண்டன் கையெழுத்திட்ட ஈராக் விடுதலைச் சட்டம், சதாம் உசேனின் ஆட்சியை அகற்றும் முயற்சிகளுக்குத் துணை நிற்பது அமெரிக்காவின் கொள்கை என்று வெளிப்படையாகவே சொன்னது. 2003 மார்ச்சில் டாங்கிகள் உள்ளே போயின. அந்தச் சமயத்தில் ஒரு தொழிற்சங்கச் செய்தி மடலுக்கு நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாக்தாத்தில் குண்டு விழுகிறது, நான் ‘ஆட்சி மாற்றம்’ என்று எழுதுகிறேன். அந்த மடல் இன்னும் வீட்டில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கக் கூசுகிறது.

இனித் தமிழ். ஆள் என்பதிலிருந்து ஆட்சி, மீள் - மீட்சி, நீள் - நீட்சி மாதிரி. அதில் சிக்கல் இல்லை. மாற்றம்தான் வழுக்குகிற சொல். பழந்தமிழில் அதற்கு மறுமொழி என்றும் பொருள், குறளில் அவையஞ்சாமை அதிகாரத்தில் வரும் ‘மாற்றம்’ அதுதான். இன்றைய பொருளில் அது மாறு என்ற தன்வினைக்கும் பெயராக நிற்கும், மாற்று என்ற பிறவினைக்கும் நிற்கும். பருவநிலை மாற்றம் என்றால் தானாக மாறியதா, நாம் மாற்றினோமா என்று சொல்லிலிருந்து தெரியாது. ஆட்சி மாற்றத்திலும் அப்படியே, செய்தவன் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறான். ஆங்கிலத்திலும் ‘சேஞ்ச்’ இதே வேலையைத்தான் செய்கிறது, அதனால்தான் அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் ஆங்கிலக்காரனுக்குத் தன்வினை, பிறவினை என்று சொல்லிலேயே பிரித்துக் காட்டும் வசதி நம் அளவுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. வளர்ச்சி, வளர்ப்பு. அழிவு, அழிப்பு. பிரிவு, பிரிப்பு. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சாயும் ஒரே சொல்லைத் தேடிப் பிடித்து எடுப்பதை என்னவென்று சொல்வது?

இதையும், ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்றே எழுதலாம் என்பதையும் எங்கள் வாசகர் வட்டத்தில் சொல்லப் போய்த்தான் வினையே வந்தது. அங்கே ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், இலக்கணம் கரைத்துக் குடித்தவர். நான் பேசி முடிக்குமுன்பே, "நான் ஏற்கெனவே ஒரு சொல் போட்டு வெச்சிருக்கேன்யா, ‘ஆட்சிப் பெயர்ச்சி’" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அடுத்த மாதமே ஒரு கட்டுரையில் அச்சாகியும் வந்துவிட்டது.

எனக்கு அந்தச் சொல்லில் பிடிக்காதது ஒன்றல்ல. முதலாவது, காதில் விழுந்ததும் எந்தத் தமிழனுக்கும் குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும்தான் நினைவுக்கு வரும். கோயிலில் எள் தீபம் ஏற்றிப் பரிகாரம் செய்துவிட்டால் போகும் என்று தோன்றும். ஒரு பெரிய நாடு பணம் கொடுத்து, ஆள் சேர்த்து, கடலை மறித்து, பக்கத்துச் சின்ன நாட்டின் அரசை இறக்கப் பார்க்கிறது, அதைக் கிரகம் வீடு மாறிய கதையாக்கினால் எப்படி? யாரும் செய்யவில்லை, காலம் வந்தது, நடந்தது. ‘மாற்றம்’ ஒளித்ததைவிட இது பத்து மடங்கு ஒளிக்கிறது.

வாத்தியாரின் பதில், பெயர்த்தல் என்றால் வேரோடு கிளப்புதல், அதனால் வலுவான சொல் என்பது. ஐயா, பெயர்த்தலுக்கு அந்த வலு உண்டு, பெயர்ச்சிக்கு இல்லையே. பெயர்ச்சி தானாகப் பெயர்வது, பெயர்ப்பு பிறர் பெயர்ப்பது. மேலே சொன்ன அதே வளர்ச்சி, வளர்ப்பு கதைதான், அதை எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பெயர்ப்புன்னா மொழிபெயர்ப்புன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அதாவது ஒரு குழப்பத்தைத் தவிர்க்கச் சனீஸ்வரனைக் கூப்பிட்டிருக்கிறார்.

அப்புறம் தூய்மை வாதம். பெயர்ச்சி தூய தமிழ் என்கிறார்கள். மாற்றமும் தூய தமிழ்தான், கவிழ்ப்பும் தூய தமிழ்தான். எல்லாமே தூய தமிழாக இருக்கும் இடத்தில் தூய்மையை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது? நம் ஆட்களிடம் ஒரு பழக்கம், பத்து பேருக்குப் புரியாத சொல்லாக இருந்தால்தான் அது கலைச்சொல் என்று நினைப்பது. ‘கவிழ்ப்பு’ மீன் சந்தையில் கூடப் புரிகிறதே, அதனால் அதற்குக் கௌரவம் குறைவு.

கவிழ்ப்பு என்றதும் வரும் மறுப்பு இரண்டு. ஒன்று, நீ பக்கம் சாய்கிறாய், அவர்கள் ‘சேஞ்ச்’ என்று மெதுவாகச் சொன்னதை நீ முரட்டுத்தனமாகச் சொல்கிறாய் என்பது. அவர்களே தங்களுக்குள் பேசும்போது என்ன சொன்னார்கள் என்று பார்த்தால் இது தீர்ந்துவிடும். 1960 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி லெஸ்டர் மலோரி எழுதிய குறிப்பில், கியூபாவுக்குப் பணமும் பொருளும் போகாமல் செய்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி, அரசைக் கவிழ்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அங்கே இருக்கும் ‘ஓவர்த்ரோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் கவிழ்ப்பு என்பதைத் தவிர வேறு பொருளே கிடையாது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சுமார் 1,400 கியூப அகதிகளுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்து கியூபாவின் ஹிரோன் கடற்கரையில் (பன்றிகள் விரிகுடா) இறக்கினார்கள், மூன்று நாளில் அந்தப் படையெடுப்பு தோற்றுப்போனது. 1962 பிப்ரவரியில் முழு வணிகத் தடை. 1996இல் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம், அதில் பிடல் காஸ்ட்ரோவோ ராவுல் காஸ்ட்ரோவோ இருக்கும் எந்த அரசையும் இடைக்கால அரசாக ஏற்கமாட்டோம் என்று பெயரோடு எழுதினார்கள். கொஞ்சம் பின்னால் போனால், 1901இல் பிளாட் திருத்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தேவைப்பட்டால் தாங்கள் கியூபாவில் தலையிடலாம் என்று கியூபாவின் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுத வைத்தவர்கள். அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவு. இதையெல்லாம் செய்தியில் ஒரே சொல்லில் அடைக்கும்போது அந்தச் சொல் ‘மாற்றம்’ என்றால், அது மொழிபெயர்ப்பில்லை, உப்புக் காகிதம் தேய்த்து வழவழப்பாக்குவது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் வைத்த சொல்லும் இல்லை. 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்கி ஓட்டிய சோவியத் யூனியன் அதைச் ‘சகோதர உதவி’ என்றது. 1979 ஜனவரியில் வியட்நாம் படை கம்போடியத் தலைநகர் நோம் பென்னுக்குள் நுழைந்து போல் பாட் ஆட்சியை விரட்டியதும் கவிழ்ப்புதான். அந்த ஆட்சியில் 15 லட்சத்துக்கும் மேலானவர்கள் செத்திருந்தார்கள், அது போனதில் அங்கே அழுதவர்கள் குறைவு, ஆனாலும் மலேசியா உட்பட ஆசியான் நாடுகள் வியட்நாம் அமர்த்திய அரசை ஏற்கவில்லை. நல்லது கெட்டது படிப்பவர் முடிவு செய்யட்டும். கவிழ்ப்பு என்ற சொல் தீர்ப்புச் சொல்வதில்லை, நடந்ததைச் சொல்கிறது. மலாய்ப் பத்திரிகைகளுக்கு இந்தக் கூச்சம் இல்லை, ‘மெங்குலிங்கான்’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். குலிங் என்றால் உருளுவது, அரசாங்கத்தை உருட்டித் தள்ளுவது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நியாயமானது. கவிழ்ப்பு என்றால் உள்நாட்டில் கட்சி தாவும் தவளைகள் செய்வதும் அதுதானே, இராணுவம் செய்வதும் அதுதானே, வெளிநாடு செய்தது எப்படித் தெரியும்? (இராணுவம் செய்வதை நம் செய்திகள் ‘இராணுவப் புரட்சி’ என்கின்றன. புரட்சியாம்! அதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும்.) ‘வெளிநாட்டு ஆட்சிக் கவிழ்ப்பு’ என்றால் வெளிநாட்டின் ஆட்சியா, வெளிநாடு செய்வதா என்று இன்னொரு குழப்பம். என் யோசனை, இதற்குக் கலைச்சொல்லே தேடாதீர்கள். வினையாக எழுதுங்கள். ‘கியூபாவில் ஆட்சி மாற்றத்தை ஏற்படுத்துவதில் அமெரிக்கா முனைப்புக் காட்டி வருகிறது’ என்பதற்குப் பதிலாக ‘கியூப அரசைக் கவிழ்க்க அமெரிக்கா முயல்கிறது’. ஐந்தே சொல். யார், யாரை, என்ன செய்கிறார்கள், மூன்றும் வந்துவிட்டது. அமெரிக்க அமைச்சர் பேசியதை அப்படியே கொடுக்க வேண்டுமென்றால் ‘ஆட்சி மாற்றம் தேவை என்று அவர் கூறினார்’ என்று அவர் வாயில் வையுங்கள், உங்கள் வாயில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வழவழப்பு நமக்குப் புதிதும் இல்லை, தூரமும் இல்லை. பக்கத்து மாநிலமான பேராக்கில் 1874 ஜனவரியில் நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் பங்கோர் தீவுக்கு வந்து, சுல்தான் இஸ்மாயிலை இறக்கி ராஜா அப்துல்லாவை சுல்தானாக ஏற்று, ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்டை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார். மதமும் வழக்கமும் தவிர எல்லாவற்றிலும் ரெசிடென்டின் ‘ஆலோசனை’யைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேட்டே ஆக வேண்டிய ஆலோசனை! 1875 நவம்பரில் ரெசிடென்ட் பெர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார், படை வந்தது, அப்துல்லாவையும் இறக்கி செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் இரண்டு சுல்தான்கள். வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்தது ‘ரெசிடென்ட் முறை அறிமுகம்’. அறிமுகம், ஏதோ கல்யாண வீட்டில் சம்பந்தியைக் காட்டுகிற மாதிரி.

பேச ஆரம்பித்தால் இன்னும் நிறைய இருக்கிறது. வணிகத்தை நிறுத்துவதும் தடை, வங்கிக் கணக்கை முடக்குவதும் தடை, கப்பலை மறிப்பதும் தடை, எல்லாவற்றுக்கும் ஒரே தடையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். கப்பலை மறித்தால் அது முற்றுகை. 1962 அக்டோபரில் கென்னடி கியூபாவைச் சுற்றிப் போட்டதும் முற்றுகைதான், ஆனால் முற்றுகை என்றால் போர்ச் செயலாகிவிடும் என்று ‘குவாரன்டீன்’ என்று பெயர் வைத்தார். ஒரு மொழிபெயர்ப்பில் அதைத் ‘தனிமைப்படுத்தல்’ என்று பார்த்தேன். கோவிட் காலத்துக்கு அப்புறம் அதைப் படிக்கிற பிள்ளை, கியூபாவுக்குக் காய்ச்சல் என்றுதானே நினைக்கும்.

போன வாரம் வாத்தியார் கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியிருந்தார். "யோசிச்சேன், ‘ஆட்சிப் பெயர்ப்பு’ன்னு வெச்சுக்கலாம், பெயர்ச்சியை விட்டுடுறேன்." கட்டுரைக்குச் சரி ஐயா, செய்திக்கு வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.