ஊடாடும் காணொளியா, அளாவு படமா?

"ஊடாடும் இசைக் காணொளி"ன்னு இன்னொரு சுவரொட்டியில பார்த்தா நான் கத்திடுவேன் போலிருக்கு. இங்க சிங்கப்பூர்ல ஏப்ரல்ல தமிழ்மொழி விழா வந்தா போதும், மாணவர் குறும்படம், மின்னிலக்கப் படைப்புன்னு எதை அறிவிச்சாலும் இந்த 'ஊடாடும்' ஒட்டிக்கிட்டே வந்துடுது. இங்கிலீஷ்ல இன்டராக்டிவ் மியூசிக் வீடியோன்னு இருந்திருக்கும், யாரோ மெஷின்ல போட்டு வந்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பாங்க.

பொருள் இதுதான்: பாட்டு ஓடும்போதே பார்க்கிறவர் கிளிக் பண்ணியோ, தொட்டோ, டைப் பண்ணியோ, கேமரா முன்னாடி ஆடியோ படத்தை மாத்த முடியணும். வேர் லத்தீன். இன்டர்னா இடையில, ஆக்டிவ் 'செய்'ங்கிற வினையிலேர்ந்து வந்தது. வீடியோவும் லத்தீன்தான், 'நான் பார்க்கிறேன்'. காணொளியா காணொலியாங்கிற சண்டைக்கு இன்னிக்கு நான் வரல.

ஊடாடுங்கிறது நல்ல பழைய சொல்லுதான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஊடுன்னா நடு, இடை. ஊடே, ஊடுருவு, ஊடகம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைங்கதான். ஊடாடுன்னா நடுவுல புகுந்து அங்கேயும் இங்கேயும் போய்வர்றது, பழகுறது. ஆனா இன்னிக்கு அது எங்க உயிரோட இருக்குன்னு பாருங்க. "கவிதை முழுக்க ஒரு சோகம் ஊடாடுகிறது"ன்னு விமர்சனம் எழுதுறவங்க எழுதுவாங்க. அதாவது உள்ளுக்குள்ள இழையா ஓடிக்கிட்டே இருக்கு, யாரும் அதைத் தொடல, யாரும் எதையும் மாத்தல. இப்ப "ஊடாடும் இசைக் காணொளி"ன்னு படிங்க. 'ஊடாடும்' பக்கத்துல நிக்கிற 'இசை'யைப் போய்ப் பிடிச்சுக்குது, இசை இழையோடுற காணொளின்னுதான் அர்த்தம் வருது, அப்படிப் பார்த்தா நம்ம வசந்தம் டிவியில ஓடுற எல்லாப் பாட்டும் ஊடாடும் காணொளிதான். சரி, 'இசை'யைத் தூக்கிட்டு "ஊடாடும் காணொளி"ன்னு மட்டும் வச்சாலும், ஊடாடுறது யாரு? காணொளி. "ஓடும் ரயில்"னா ரயில்தானே ஓடுது. இங்க வேலை செய்யவேண்டிய ஆள் பார்க்கிறவர், அவரைத்தான் சொல்லுக்குள்ள காணோம்.

"அப்போ தூங்கும் அறைன்னா அறையா தூங்குது?"ன்னு ஒரு நண்பர் மடக்குனார். நல்ல கேள்விதான். அறை இடம், இடம் தூங்காதுன்னு காது தானா திருத்திக்கும். ஆனா படம் ஓடும், ஆடும், அசையும், அதனால 'ஊடாடும் படம்'னா படமே ஏதோ பண்ணுதுன்னுதான் முதல்ல தோணும். அதோட ஊடாடுங்கிறதுக்குச் செயப்படுபொருளும் கிடையாது. ஒண்ணை ஊடாடுறேன்னு சொல்ல முடியாது, ஒண்ணோட ஊடாடுறேன்னுதான் சொல்லணும், அந்த 'ஓட' விளம்பரத் தாள்ல எங்கேயும் வர்றதில்ல. இன்னொண்ணு, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்க காதுல இது ஊடல்னு விழுது, குறள்ல கடைசி அதிகாரம் ஊடலுவகைன்னு படிச்சவங்க அவங்க, வேற சொல்லுன்னு விளக்கிக்கிட்டே இருக்கணும்.

இடைவினைன்னு ஒரு கட்சி இருக்கு. இன்டரும் ஆக்டிவும் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே. தமிழ்நாட்டு வேதியியல், சமூகவியல் பாடநூல்ல இருக்கட்டும், அங்க அது பொருத்தம். "இடைவினைப் பாடல்"னு போட்டா மூலக்கூறு பத்திய பாட்டுன்னுதான் நினைப்பேன்.

என் ஓட்டு அளாவு. "அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்", 64ஆம் குறள். பிள்ளை கையை விட்டுத் துழாவின கூழ். இதைவிடச் சரியா இன்டராக்டிவ்ங்கிறதை யார் சொல்ல முடியும்? கூழ் ஏற்கனவே ஒருத்தர் ஆக்கி வச்சது, கை இன்னொருத்தரோடது, கை பட்ட அப்புறம் அது பழைய கூழ் இல்ல. வானளாவிய கட்டடம்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, சிங்கப்பூர்ல அதுக்குப் பஞ்சமே இல்ல. அங்கேயும் அளாவுன்னா எட்டித் தொடுறதுதான். அளவளாவுன்னா கலந்து பேசுறது. கலக்கிறது, தொடுறது, பேசுறது மூணும் ஒரே வினைக்குள்ள இருக்கும்போது நாம எதுக்கு வெளிய தேடிக்கிட்டு இருக்கோம்? இதுக்குச் செயப்படுபொருளும் உண்டு, கூழை அளாவலாம், படத்தையும் அளாவலாம். 'அளாவு படம்'னா குடிநீர் மாதிரி வினைத்தொகை, நீர் குடிக்காது, நாமதான் குடிக்கிறோம், யாருக்கும் குழப்பமே வராது.

நிஜப் படைப்புகள்ல வச்சுப் பார்க்கலாம். 2010ல கிறிஸ் மில்க்ங்கிற இயக்குநர் ஆர்கேட் ஃபயர் இசைக்குழுவோட பாட்டுக்கு ஒண்ணு செஞ்சார், நீங்க வளர்ந்த வீட்டு முகவரியைக் கேக்கும், கூகல் தெருக்காட்சியிலேர்ந்து உங்க தெருவே பாட்டுக்குள்ள வந்துடும். அதே வருஷம் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாட்டு ஒண்ணுக்கு உலகம் பூரா இருக்கிறவங்க ஒவ்வொரு சட்டகமா வரைஞ்சு அனுப்ப, அதையெல்லாம் கோத்துப் படமாக்குனாங்க. அளாவிய, அளாவுகிற, அளாவும்னு மூணு காலத்தையும் வினைத்தொகை தாங்குது பாருங்க. 2013ல பாப் டிலனோட 1965 பாட்டுக்கு 16 சேனல் வச்சாங்க, எந்தச் சேனல் மாத்துனாலும் அங்க இருக்கிறவர் அதே வரிக்கு வாயசைப்பார். இது எல்லாத்துக்கும் முன்னாடி போய்ப் பார்த்தா 1967 மான்ட்ரியல் எக்ஸ்போவுல செக் நாட்டு ராதுஸ் சின்செரா காட்டுன கினோஅவுட்டோமாட். நாற்காலிக்கு ரெண்டு பட்டன், படம் நடுவுல நிக்கும், ஆள் மேடைக்கு வந்து அடுத்து என்ன நடக்கணும்னு ஓட்டுக் கேப்பார். ஆனா எதை அமுக்குனாலும் கடைசியில அதே கட்டடம் தீப்பிடிச்சு எரியும்! அதுவும் அளாவு படம்தான், கூழ் கொஞ்சம் பிடிவாதம் பிடிச்ச கூழ்.

இந்த வகையில பாதி இப்ப திறக்கவே திறக்காது. இதுமாதிரிப் படைப்புகளை இணையத்துல ஓட்டுன ஃப்ளாஷ்ங்கிற மென்பொருளை 2020 கடைசியோட நிறுத்திட்டாங்க, யூடியூப்ல வீடியோ மேல கிளிக் பண்ற குறிப்புகளை 2019 ஜனவரியில எடுத்துட்டாங்க. படைப்பு போச்சு, தப்பான மொழிபெயர்ப்பு மட்டும் தங்கிடுச்சு.

மொழிபெயர்க்கிறவங்களைத் திட்டணும்னு எனக்கு ஆசை இல்ல. சாயங்காலம் அனுப்பிட்டு மறுநாள் காலையில வேணும்னா அவங்கதான் என்ன பண்ணுவாங்க. ஆனா டிஜிட்டலுக்கு மின்னிலக்கம்னு அழகா ஒரு சொல்லைப் புழக்கத்துல விட்ட ஊர் இது, தமிழ்நாட்டுல இன்னும் டிஜிட்டல்னுதான் பெரும்பாலும் ஓட்டுறாங்க. பெருவிரைவு ரயில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எல்லாம் நாம புழங்கிப் புழங்கி நின்ன சொல்லுங்க. அதே ஊர்ல எக்ஸ்பரிமென்டல் ஃபிலிமுக்குப் "பரிசோதனைத் திரைப்படம்"னு போட்டா, ரத்தம் எடுக்கணுமா, வெறும் வயித்தோட வரணுமான்னு கேக்கத் தோணாதா? 'சோதனைத் திரைப்படம்' அதைவிட மோசம், சோதனை பார்க்கிறவனுக்கா எடுத்தவனுக்கான்னு தெரியல. புதுமுயற்சிப் படம்னு சொல்லிட்டுப் போகலாமே.

பேசும்போது இன்டராக்டிவ்னே சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் கோபமில்ல. அரைகுறைத் தமிழைவிட முழு இங்கிலீஷ் எவ்வளவோ மேல், அர்த்தமாவது புரியும். தாள்ல அச்சடிக்கும்போது "அளாவு பாட்டு"ன்னு போட்டு, கீழ "ஓடும்போதே நீங்களே மாற்றிப் பார்க்கலாம்"னு ஒரு வரி சேருங்க. ஒண்ணு மட்டும் விட்டுடுங்க: 360 டிகிரி வீடியோவை இதுல சேர்க்காதீங்க. தலையைத் திருப்பினா பக்கவாட்டுல இருக்கிறது தெரியுது, அவ்வளவுதான், நீங்க எந்தப் பக்கம் பார்த்தாலும் படம் பாட்டுக்கு அதேதான் ஓடும். அதுக்குச் சுற்றுப்படம்னு பேர் வச்சாலே போதும்.