அனகோண்டா: ஆனையைக் கொன்றதா இந்தப் பெயர்?

அனகோண்டா என்பது தென் அமெரிக்காவின் சதுப்புகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் நஞ்சில்லாத பெரும்பாம்பு. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். யூனெக்டஸ் பேரினத்துப் பாம்புகள் எல்லாவற்றுக்கும் இதுவே பொதுப்பெயர். வெறுமனே அனகோண்டா என்றால் பெரும்பாலும் பச்சை அனகோண்டாவைத்தான் சொல்கிறார்கள்.

பாம்பு அமேசான் பக்கத்தது, பெயரோ இலங்கையிலிருந்து போனது. 1693இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே வெளியிட்ட நூலில் ‘அனகண்டாயா’ என்று ஒரு பாம்பு வருகிறது. நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகப் பாம்புகளின் பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்தது. இலங்கையர் இப்படி அழைப்பதாகவும், எருமை முதலான கால்நடைகளின் உறுப்புகளை அது நொறுக்கிவிடும் என்றும் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. அந்தத் தீவில் இதற்குக் கொஞ்சமாவது பொருந்துவது மலைப்பாம்புதான்.

சரி, அந்தச் சொல் எந்த மொழியினுடையது? நம்மவர்கள் உடனே சொல்வது ‘ஆனைக்கொன்றான்’. ஒலி நன்றாகவே பொருந்துகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் ஒன்று ‘ஒண்டு’, மூன்று ‘மூண்டு’, கன்று ‘கண்டு’ என்றாகும்போது, கொன்றான் ‘கொண்டான்’ ஆவதில் வியப்பில்லை. ஆனால் மிகப் பழைய குறிப்பு எருமையைச் சொல்கிறதே தவிர ஆனையைச் சொல்லவில்லை. இன்னொரு விளக்கம் சிங்கள ‘ஹெனகந்தயா’. ஹென என்றால் மின்னல், கந்த என்றால் தண்டு. ரே எழுதிய வடிவத்தின் கடைசியில் நிற்கும் ‘யா’வுக்கும் இதில் இடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஹெனகந்தயா என்பது கொடிபோல் மெலிந்த ஒரு பாம்பின் பெயர், நாம் கண்கொத்திப் பாம்பு என்போமே, அந்த வகையைச் சேர்ந்தது. அது எருமையை எங்கே நொறுக்குவது? லெய்டனில் பெயர்ச்சீட்டுகள் இடம் மாறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். என் தராசும் சிங்களப் பக்கமே சாய்கிறது. தமிழ் விளக்கம் கேட்க இனிமையாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

அப்புறம் 1768இல் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றில், இலங்கையில் ஓர் அனகோண்டா புலியை நொறுக்கி விழுங்கியதை நேரில் பார்த்ததாக எட்வின் என்ற பெயரில் ஒருவர் எழுதினார். இலங்கைக் காடுகளில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது! ஆனாலும் கதை பரவியது, பெயரும் அதோடு பரவியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்கையியலாளர் தொதான் அதைத் தென் அமெரிக்கப் பாம்புக்குச் சூட்டினார், பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

தமிழில் எப்படி எழுதலாம்? செய்திகளில் ‘ராட்சத மலைப்பாம்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மலைப்பாம்பு முட்டையிட்டு, அதைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும். அனகோண்டா போவா குடும்பத்தது, குட்டி போடும். ஒரு ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் சாதாரணம். மேலும், இது மலையில் திரிகிற பாம்பே அல்ல. கண்ணும் மூக்குத்துளையும் தலையின் மேற்புறத்தில் இருப்பதால், உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டு, மூச்சுவிட்டபடியே இரைக்குக் காத்திருக்கும். யூனெக்டஸ் என்பதற்கே கிரேக்கத்தில் நல்ல நீச்சல்காரன் என்று பொருள். உலகின் மிக நீளமான பாம்பும் இது அல்ல, அந்த இடம் வலைப்பின்னல் மலைப்பாம்புக்கு. எடையில்தான் இது முதலிடம்.

எனவே ‘அனகோண்டா’ என்றே எழுதிவிடலாம். தமிழ்ப்பெயர் வேண்டும் என்பவர்கள் ‘ஆனைக்கொன்றான்’ என்று எழுதினால் சண்டைக்கு வரமாட்டேன், புழக்கத்தில் இருக்கிற பெயர்தான். ஆனால் ஆனையே இல்லாத கண்டத்துப் பாம்பு அது என்பதும், எந்தப் பாம்பும் ஆனையை விழுங்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அது உண்மையில் தின்பது கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு, நீர்ப்பறவைகள், மீன், கெய்மன் முதலை. வளர்ந்த பெண் பாம்பு அந்தச் சதுப்பின் உச்ச வேட்டை விலங்குகளில் ஒன்று. பிறந்த குட்டியின் கதை வேறு. பிறந்த நாளிலிருந்தே தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் அதைக் கெய்மனும் பறவைகளும் தின்றுவிடும். சிறு வயதில் எதற்கு இரையாகக்கூடுமோ, அந்தக் கெய்மனையே வளர்ந்த பிறகு இது பிடிக்கும். ஆண் பாம்பு பெண்ணைவிட மிகச் சிறியது. இணைசேர்ந்த பிறகு பெண் சில வேளை ஆணையே விழுங்கிவிடுவதும் உண்டு. பல மாதம் இரை எடுக்காமல் குட்டிகளைச் சுமக்கிற உடம்புக்கு அதுவும் தீனிதான்.

அந்த மண்ணின் மக்கள் இதற்கு வைத்த பெயர்கள் வேறு. பிரேசிலில் ‘சுக்குரி’ என்கிறார்கள். 2024இல் வடபகுதிப் பச்சை அனகோண்டாவைத் தனி இனமாகப் பிரிக்க முன்மொழிந்தவர்கள், கரீப மொழிகளிலிருந்து ‘அகயிமா’ என்ற பெயரை எடுத்தார்கள். பெரும்பாம்பு என்பதுதான் அதன் பொருள். அதை ஏற்பதா வேண்டாமா என்ற விவாதம் உடனே தொடங்கிவிட்டது.